கள்ளச் சந்தையின் பேச்சு



இணையத்தில் நடக்கும் கள்ளச் சந்தைகளில் இருப்பவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? இதுதான் இன்றைய தலைப்பு. அவர்கள் என்ன விற்கிறார்கள் என்பது நாளிதழில் தினமும் வருகிறது. இத்தனை கிலோ சிக்கியது, இத்தனை பேர் கைது என்று வருகிறது. எப்படிப் பேசினார்கள் என்பது மட்டும் வருவதில்லை. ஆனால் அந்தச் சந்தையைத் தாங்கி நிற்பதே பேச்சுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முகம் தெரியாத ஒருவன், ஊர் பேர் தெரியாத இன்னொருவனுக்கு முன்பணம் அனுப்புகிறான். பொருள் வராமல் போனால் காவல் நிலையத்துக்குப் போக முடியுமா? நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியுமா? எதுவும் முடியாது. பிறகு எந்தத் தைரியத்தில் அனுப்புகிறான்? எதிரில் இருப்பவன் பேசிய பேச்சு தந்த தைரியத்தில் அனுப்புகிறான். அதே பேச்சுதான், ஓசூரில் ஏதோ ஒரு விடுதி அறையில் இரவு ஷிப்டுக்கு முன் சற்றுப் படுத்திருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கைபேசிக்கும் வந்து சேர்கிறது. காதில் விழுந்தவுடனே அதை அடையாளம் கண்டுகொள்ள இந்த ஊர் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த உரை.

ஓசூருக்குக் கள்ளச் சந்தை புதிதா? ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. ரேஷன் அரிசி அந்தப் பக்கம் கடத்தப்படுவதும், கர்நாடக மது பாக்கெட்டும் குட்காவும் இந்தப் பக்கம் வருவதும் எல்லையோரத்துக் காவலர்களுக்கு அன்றாட வேலை. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இல் தடை வந்தது. குட்காவுக்கு 2013இல் தடை வந்தது. தடை வந்த பிறகும் பொருள் போகவில்லை, அதன் பெயர்தான் மாறியது. ஆனால் அந்தப் பழைய வியாபாரத்தில் விற்பவன் யார், எந்தத் தெரு, யாருடைய மகன் என்று வாங்குபவனுக்குத் தெரியும். முகமே அங்கே ஜாமீன். இணையத்தில் முகம் இல்லை. முகம் செய்த வேலையை அங்கே சொல் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தச் சொல் மூன்று வேலை செய்கிறது. நம்ப வைக்கிறது. மறைக்கிறது. ஆளைக் கட்டிப்போடுகிறது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நம்ப வைக்கும் பேச்சு.

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராஸ் உல்பிரிக்ட் என்ற இளைஞர் 'சில்க் ரோடு' என்ற சந்தையைத் தொடங்கினார். 'டோர்' என்ற மறைவழி மென்பொருள் இருந்தால்தான் அதற்குள் நுழைய முடியும். பணம் பிட்காயினில் கைமாறும். விற்கப்பட்டதில் பெரும்பகுதி போதைப்பொருள். இவ்வளவு இருளுக்குள் நடந்த அந்த வியாபாரத்தில் பேச்சு எப்படி இருந்தது தெரியுமா? நாம் இணையக் கடையில் சட்டை வாங்கிவிட்டு எழுதுகிறோமே, அப்படியேதான் இருந்தது. பார்சல் சொன்ன நாளில் வந்தது, கட்டியிருந்த விதம் நன்றாக இருந்தது, விற்றவர் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார் என்று வாங்கியவர்கள் மதிப்பெண்ணோடு எழுதி வைத்தார்கள். வாங்குபவரின் பணத்தைச் சந்தை நடத்துபவரே இடையில் பிடித்து வைத்திருந்து, பொருள் சேர்ந்த பிறகு விற்றவருக்கு விடுவிப்பார். 'எஸ்க்ரோ' என்று அதற்குப் பெயர். நூறு பேர் நல்ல வார்த்தை எழுதிய விற்பனையாளருக்கு அந்த வார்த்தைகள்தான் சொத்து. ஒரு சந்தை மூடப்பட்டால் அதே புனைபெயரோடு அடுத்த சந்தைக்குப் போவார்கள், பழைய நற்பெயரைச் சொல்லியே கடை விரிப்பார்கள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும்? 2015 மார்ச்சில் 'எவல்யூஷன்' என்ற சந்தை ஒரே நாளில் காணாமல் போனது. காவல்துறை மூடியதல்ல. இடையில் பிடித்து வைத்திருந்த எல்லாருடைய பிட்காயினையும் சுருட்டிக்கொண்டு நடத்தியவர்களே ஓடிவிட்டார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1.2 கோடி டாலர். 2020 ஆகஸ்டில் 'எம்பயர்' சந்தையும் இதே வழியில் போனது. பறிகொடுத்தவர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்?

தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில் சண்டிகரின் 'தி ட்ரிப்யூன்' நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. வாட்ஸ்அப்பில் ஆதார் விவரம் விற்கும் ஒருவரை அதன் செய்தியாளர் தொடர்புகொண்டார். பேடிஎம் வழியாக 500 ரூபாய் அனுப்பினார். பத்து நிமிடத்தில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. அதை வைத்துக்கொண்டு எந்த ஆதார் எண்ணைத் தட்டினாலும் அதற்குரியவரின் பெயர், முகவரி, புகைப்படம், தொலைபேசி எண் எல்லாம் திரையில் வந்து நின்றன. டோர் இல்லை, பிட்காயின் இல்லை. நம் எல்லாருடைய கையிலும் இருக்கும் வாட்ஸ்அப் போதுமானதாக இருந்தது.

இன்னும் பக்கத்தில் வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அங்கே பேசியது மனிதன்கூட இல்லை. 'பாட்' என்று சொல்லப்படும் தானியங்கிக் கணக்கு. கேட்டால் எடுத்துக் கொடுக்கும். ஒரு பாட் காப்பீட்டுக் கோரிக்கை ஆவணங்களை நீட்டியது. இன்னொன்று, 3.12 கோடி பேரின் விவரங்கள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, அதிலிருந்து 20 பேரின் விவரத்தை மாதிரிக்குத் தந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், நோய், பரிசோதனை முடிவு என்று ஒரு குடும்பம் மருத்துவரிடம் மட்டும் சொன்ன செய்திகள் அந்தக் கோரிக்கை ஆவணங்களில் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது அந்த மாதிரிச் சரக்கை. பொருள் உண்மையானது என்று காட்ட, முன்பின் தெரியாத இருபது பேரின் விவரங்களைச் சும்மா எடுத்துக் கொடுக்கும் பேச்சு அது.

இரண்டாவது, மறைக்கும் பேச்சு.

இது இரண்டு வகை. ஒன்று, எல்லாருக்கும் தெரியும்படி பேசி, பொருளை மட்டும் மறைப்பது. பெங்களூரு வழியாக வரும் மெத்தம்பெட்டமைனுக்கு 'ஐஸ்' என்று பெயர். எல்எஸ்டி தடவிய காகிதத் துண்டுக்கு 'ஸ்டாம்ப்' என்று பெயர். 'மூணு நம்பர்' என்றால் கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து நடக்கும் சூதாட்டம். தெரியாதவர் காதில் இவையெல்லாம் குழந்தைகள் பேசும் சொற்கள் போலத்தான் விழும். ஆனால் 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் உயிரை மாய்த்துக்கொண்டார். சாவதற்கு முன் கைபேசியில் பதிவு செய்த காணொளியில் இந்த மூணு நம்பர் லாட்டரியை ஒழிக்கச் சொன்னார். எவ்வளவு சாதாரணமான சொல்! எத்தனை உயிர்!

இரண்டாவது வகை, கணக்கு வைத்து மறைப்பது. 1991இல் ஃபில் ஜிம்மர்மன் என்ற அமெரிக்க நிரலாளர் 'பிஜிபி' என்ற குறியாக்க மென்பொருளை எழுதி வெளியிட்டார். அனுப்புபவர் செய்தியைப் பூட்டுகிறார், திறவுகோல் பெறுபவரிடம் மட்டும் இருக்கிறது, இடையில் யார் கைப்பற்றினாலும் எழுத்துக் குவியல்தான் தெரியும். சாதாரணக் குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்க எழுதப்பட்ட மென்பொருள் அது. செய்தியாளர்களும் மனித உரிமைப் பணியாளர்களும் இன்றும் அதை நம்பி இருக்கிறார்கள். நாம் வங்கிக்கு அனுப்பும் ஒவ்வொரு தகவலும் குறியாக்கத்தில்தான் போகிறது. எனவே குறியாக்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். அதைக் கள்ளச் சந்தையும் எடுத்துக்கொண்டது, முக்கியமாக வீட்டு முகவரியை அனுப்புவதற்கு.

அப்படிப் பூட்டிப் பேசியவர்கள் தப்பினார்களா? இங்கேதான் 'ஹான்சா' கதையைக் கேட்க வேண்டும். 2017 ஜூன் 20 அன்று அந்தச் சந்தையை நடத்திய இருவர் ஜெர்மனியில் கைதானார்கள். நெதர்லாந்துக் காவல்துறை சந்தையை மூடவில்லை. தானே நடத்தத் தொடங்கியது. நடத்துபவர்களைப் போலவே பேசியது, தகராறுகளைத் தீர்த்து வைத்தது. ஜூலைத் தொடக்கத்தில் அப்போது மிகப் பெரியதாக இருந்த 'ஆல்ஃபாபே' சந்தை முடங்கியதும் அங்கிருந்த கூட்டம் ஹான்சாவுக்குள் வந்து குவிந்தது. எல்லாரும் காவல்துறையின் மடியில் வந்து உட்கார்ந்தார்கள்! காவலர்கள் சந்தையின் நிரலை மாற்றி, செய்தி பூட்டப்படுவதற்கு முன்பே அதன் நகல் தங்களுக்கு வரும்படி செய்திருந்தார்கள். நெதர்லாந்துக்கு வெளியே உள்ள ஏறக்குறைய 10,000 முகவரிகள் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலிடம் போயின. ஒரு மாதம் கழித்து, ஜூலை 20 அன்று கடையை மூடினார்கள். பூட்டு உடையவே இல்லை. பூட்டும் வேலையையும் சந்தைக்காரரையே செய்யச் சொன்னார்கள் பாருங்கள், அந்த நம்பிக்கைதான் உடைந்தது.

2021 ஜூனில் இதைவிடப் பெரியது வெளியே வந்தது. குற்றக் கும்பல்களுக்கென்றே விற்கப்பட்ட 'அனோம்' என்ற ரகசியக் கைபேசியை நடத்தியதே அமெரிக்காவின் எஃப்பிஐ. 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 12,000 கருவிகள், 2.7 கோடி செய்திகள், 800க்கும் மேற்பட்ட கைதுகள்.

மூன்றாவது, கட்டிப்போடும் பேச்சு. தோழர்களே, ஓசூரைத் தொடுவது இதுதான். இதைச் சற்று நின்று கேட்க வேண்டும்.

சில்க் ரோட்டின் தலைவர் தன் பெயரைச் சொல்லவில்லை. 'ட்ரெட் பைரேட் ராபர்ட்ஸ்' என்ற புனைபெயரில் பேசினார். விலைப் பட்டியலோடு அவர் பேச்சு நிற்கவில்லை. சுதந்திரம், அரசாங்கம், சந்தையின் நியாயம் என்று அறிக்கை எழுதினார், புத்தகம் படிக்கும் வட்டம்கூட நடத்தினார். வாங்க வந்தவர்கள் ஒரு இயக்கத்தில் சேர்ந்துவிட்டதாக நினைத்தார்கள். அந்தப் பேச்சுக்கு வந்த முடிவையும் கேளுங்கள். 2013 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கிளென் பார்க் நூலகத்தில் உல்பிரிக்ட் மடிக்கணினியோடு அமர்ந்திருந்தார். அவருடைய ஊழியர்களில் ஒருவரின் கணக்கை அரசு அதிகாரி ஒருவர் முன்பே கைப்பற்றி, அந்தப் பெயரிலேயே அவரிடம் வேலை பார்த்துவந்தார். உறுப்பினர்கள் புகார்க் குறியிட்ட செய்தி ஒன்றைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று அந்த அதிகாரி கேட்டார். பேசுவது தன் ஆள்தானா என்று சோதிக்க உல்பிரிக்ட் பழைய விஷயம் ஒன்றைக் கேட்டார். சரியான பதில் வந்தது. நம்பி, நிர்வாகப் பக்கத்தைத் திறந்தார். அந்த நொடியில் பின்னால் ஆணும் பெண்ணுமாக இருவர் காதலர்கள் போலச் சண்டை போட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். திறந்த நிலையிலேயே மடிக்கணினி அதிகாரிகள் கைக்குப் போனது. உள்ளே நாட்குறிப்பும் ஊழியர்களோடு பேசிய பேச்சுப் பதிவுகளும் கோப்பு கோப்பாக இருந்தன. 2015இல் ஆயுள் தண்டனை. 2025 ஜனவரியில் அதிபர் மன்னிப்பில் வெளியே வந்தார்.

இன்று அந்தப் பேச்சு டெலிகிராமுக்கு வந்துவிட்டது. கம்போடியாவைச் சேர்ந்த 'ஹுயோன் கேரண்டி' என்ற சந்தை முழுக்க டெலிகிராம் குழுக்களிலேயே நடந்தது. விற்பனையாளர் வைப்புத்தொகை கட்ட வேண்டும், குழுவுக்குள் உத்தரவாதம் தருபவர் ஒருவர் இருப்பார். அங்கே விற்றது என்ன? திருடிய தகவல், கள்ளப் பணத்தை வெளுத்துத் தரும் சேவை, வங்கிக் கணக்கு. இதோடு மின்சாரத் தடியும் மின்னணு விலங்கும் விற்பனைக்கு இருந்ததை 2024 ஜூலையில் எலிப்டிக் என்ற ஆய்வு நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. விலங்கு யாருக்கு? தென்கிழக்கு ஆசிய மோசடி முகாம்களில் அடைத்து வைக்கப்பட்ட மனிதர்களுக்கு. 2025 மே மாதம் டெலிகிராம் அந்தக் குழுக்களை முடக்கியது. வியாபாரிகள் வேறு பெயருள்ள சந்தைக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அந்த முகாம்களுக்குள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் அடைத்தார்கள். அந்த முகாம்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன? பேசுவது! பொய்ப் பெயரில், பொய்ப் படத்தோடு, முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கப் பேசிப் பணத்தைப் போட வைப்பது. மறுத்தால் அடி. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள்.

அவர்களை அப்படிப் பேச வைத்துப் பறிக்கும் பணம் எங்கே போய் விழும்? இந்தியாவில் ஏதோ ஒரு தொழிலாளியின், ஏதோ ஒரு மாணவரின் வங்கிக் கணக்கில் விழும். அந்தக் கணக்கைத் தேடும் பேச்சுதான் நம் ஊர்க் கைபேசிக்கு வருகிறது. 2024 அக்டோபர் 28 அன்று மத்திய உள்துறையின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் இதை வெளிப்படையாகச் சொன்னது. வாடகைக் கணக்குகளை டெலிகிராம், ஃபேஸ்புக் வழியாகத் தேடிப் பிடிக்கிறார்கள், அவற்றைச் சேர்த்து பீஸ்பே, ஆர்டிஎக்ஸ் பே, பொக்கோபே, ஆர்பிபே போன்ற சட்டவிரோதப் பணவழிகளை அமைத்திருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து இயக்குகிறார்கள் என்றது. 2025 ஜூனில் சிபிஐ, 700க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் இப்படி 8.5 லட்சம் கணக்குகள் திறக்கப்பட்டிருப்பதாகத் தெரிவித்தது. 2024 ஒரே ஆண்டில் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய்.

அந்தக் குழுக்களில் புழங்கும் சொற்களைக் கேளுங்கள். பாஸ்புக், காசோலைப் புத்தகம், ஏடிஎம் கார்டு, அந்தக் கணக்கோடு இணைந்த சிம் எல்லாம் சேர்ந்தது ஒரு 'கிட்'. வரப்போகும் திருட்டுப் பணத்துக்கு 'ஃபண்ட்' என்று பெயர். சூதாட்டத்திலிருந்து வந்தால் 'கேமிங் ஃபண்ட்', பங்குச் சந்தை மோசடியிலிருந்து வந்தால் 'ஸ்டாக் ஃபண்ட்'. கணக்கைக் கொடுத்தவருக்குக் கிடைப்பது 'கமிஷன்'. எங்காவது திருட்டு என்ற சொல் வருகிறதா? அலுவலகத்தில் பேசுவது போலவே இருக்கிறது. 'எக்ஸ்ஹெல்ப்பர்' என்று ஒரு செயலியே இருந்ததை 2024இல் கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. ஆள் சேர்த்தால் ஊக்கத்தொகை, அதிக வரம்புள்ள நிறுவனக் கணக்கைப் போலியாக எப்படித் திறப்பது என்று பாடம் நடத்தும் காணொளி, எல்லாம் அதில் இருந்தன. ஆலையில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சி கொடுப்பது போல, திருட்டுப் பணம் கடத்தப் பயிற்சி கொடுத்தார்கள்.

இந்த வலைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஏன் தோதான இடம்? இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகள் ஒரே கூரைக்கு அடியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். ஆலையில் சேர்ந்தவுடன் எல்லாருக்கும் ஒரு சம்பளக் கணக்கு வருகிறது. வீடு தூரம், வீட்டில் கடன், கையில் கைபேசி. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது அந்தக் கணக்கு சும்மா கிடக்கிறது. சும்மா கிடப்பதைக் கொடுத்தால் என்ன என்று கேட்கும் பேச்சு அப்போது வருகிறது.

பிறகு நடப்பதை அந்தப் பேச்சு சொல்லாது. ஒரு காலை ஏடிஎம்மில் பணம் வராது. வங்கியில் கேட்டால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்பார்கள். புகார் கொடுத்தவர் இருப்பது ராஜஸ்தானாக இருக்கலாம், தெலங்கானாவாக இருக்கலாம். குழுவில் தினமும் அண்ணா, அண்ணா என்று பேசியவன் கணக்கை அழித்துவிட்டுப் போயிருப்பான். வழக்கில் முதலில் தெரியும் பெயர் கணக்கைக் கொடுத்த பிள்ளையின் பெயர். அந்தப் பிள்ளையின் நிலையை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஆகவே இந்தப் பேச்சின் சாயலை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பார்க்கும் குழுவில் தொடங்கி, உடனே தனியாகப் பேச வா என்று அழைத்தால் நிறுத்துங்கள். பணம் கிடைத்ததாக 'பேமெண்ட் ப்ரூஃப்' படங்களை அடுக்கிக் காட்டினால் நிறுத்துங்கள், அந்தப் படங்களை நிமிடத்தில் செய்துவிடலாம். சிம்மைக் கேட்டால், கார்டைக் கேட்டால், ஓடிபியைத் தானாக அனுப்பும் செயலியை ஏற்றச் சொன்னால் நிறுத்துங்கள். இன்று இரவுக்குள் முடிவு சொல் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று வேகமாகப் போகும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. கணக்கைக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். வங்கிக்கு எழுதிக் கொடுங்கள், கிருஷ்ணகிரி மாவட்ட இணையக் குற்றப் பிரிவுக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொன்னால் முதலில் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கும்பலுக்கு லாபம்.

ஆலை நிர்வாகங்களுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. வேலைக்குச் சேரும் முதல் நாள் தலைக்கவசம், கையுறை, தீயணைப்பு எல்லாம் சொல்லித் தருகிறீர்கள். அதே நாளில் சம்பளக் கணக்கைப் பற்றி அரை மணி நேரம் சொல்லுங்கள். தமிழில் மட்டும் சொன்னால் போதாது, அந்தக் கூடத்தில் இருப்பவர்கள் எத்தனை மொழி பேசுகிறார்களோ அத்தனை மொழியிலும் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்து போகிறவர்களிடம் இனித் தேவைப்படாத கணக்கை மூடிவிட்டுப் போகச் சொல்லுங்கள். விடுதிக் காப்பாளர்கள் 1930ஐக் கதவுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த ஷிப்டுக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உரையை இத்துடன் நிறுத்திக்கொண்டு மீதி நேரத்தைக் கேள்விகளுக்கு விடுவோம். கைபேசியில் வந்த சந்தேகமான செய்தி எதுவும் இருந்தால் வெட்கப்படாமல் எடுத்துக்கொண்டு மேடைக்கு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.